நெல்லோடு சேர்த்துக் காளான் போட்டால் கட்டுப்படியாகுமா?

மன்னை வயல்காரன்:

எல்லோருக்கும் வணக்கம். மன்னார்குடிக்குப் பக்கத்தில் எனக்கு இரண்டரை ஏக்கர் நெல் வயல், குறுவையும் தாளடியும் போடுகிறோம். அப்பாவுக்கு முடியவில்லை, நானும் மனைவியும்தான் பார்த்துக்கொள்கிறோம். அறுப்பு முடிந்து அடுத்த நடவு வரை கையில் காசு புரள வழியே இல்லை. இரண்டு மாடு நிற்கிறது, பால் காசு பிள்ளைகளின் படிப்புச் செலவுக்கே சரியாகிவிடுகிறது. வீட்டுக்குப் பின்னால் தென்னை நிழலில் 300 சதுர அடி இடம் சும்மா கிடக்கிறது, வைக்கோல் சொந்தமாகவே இருக்கிறது. அதனால் சிப்பிக் காளான் போடலாமா என்று ஆறு மாதமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

யூடியூபில் பார்த்தால் மாதம் ஒரு லட்சம் என்கிறார்கள். பக்கத்து ஊரில் போட்டவர் ஒருவர் ஒரே வருடத்தில் கொட்டகையைப் பிரித்துவிட்டு ஆடு கட்டியிருக்கிறார், கேட்டால் எதுவும் பேச மறுக்கிறார். இதற்கிடையில் ஒரு கம்பெனி ஆள் வந்து, 80,000 ரூபாய் கட்டினால் விதை, கவர், பயிற்சி எல்லாம் தந்து, விளைந்ததைக் கிலோ 200 ரூபாய்க்குத் தாங்களே எடுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். வீட்டில் நகை கொஞ்சம் இருக்கிறது, அதை வைத்துப் பணம் கட்டலாமா என்று மனைவியே கேட்கிறாள், எனக்குத்தான் மனம் துணியவில்லை.

ஒரு பெட்டுக்கு, அதாவது கவரில் வைக்கோலும் காளான் விதையும் அடைத்துக் கட்டும் ஒரு மூட்டைக்கு, உண்மையில் என்ன செலவு, என்ன நிற்கும்? எங்கள் பக்கத்து சித்திரை வெயிலில் காளான் வருமா? செய்துகொண்டிருப்பவர்கள் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.


கோபி காளான் தோட்டம்:

தம்பி, ஆறு வருடமாகச் சிப்பிக் காளானும் பால் காளானும் போடுகிறேன். முதலில் அந்தக் கம்பெனி ஆளுக்கு எதுவும் சொல்லாதீர்கள், பணம் கட்டாதீர்கள், நகையைத் தொடவே வேண்டாம். அதைப் பற்றி வேறு யாராவது விரிவாகச் சொல்வார்கள், நான் கணக்குக்கு வருகிறேன்.

ஒரு பெட் என்றால் ஒரு கிலோ காய்ந்த வைக்கோல் என்று வைத்துக்கொள்ளுங்கள். வைக்கோல் சொந்தம்தானே, செலவில்லை என்று நினைக்காதீர்கள், எல்லோரும் சறுக்குகிற முதல் இடம் அதுதான். வெளியில் விற்றால் வரும் காசை அதில் போடுகிறீர்கள். 15 கிலோ கட்டு 120 ரூபாய் என்றால் கிலோ 8 ரூபாய். விதை ஒரு பாக்கெட் 45 ரூபாய்க்கு வாங்கி இரண்டு பெட் போடுவோம், ஆக 22. கவரும் நூலும் 4 ரூபாய், வைக்கோல் வேகவைக்க விறகு 6. மொத்தம் 40 ரூபாய். இது எங்கள் பக்கத்து விலை, உங்கள் பக்கம் இரண்டு மூன்று ரூபாய் முன்னே பின்னே இருக்கும்.

விளைச்சலில் ஒரு பெட்டுக்கு ஒரு கிலோ என்பார்கள். நல்ல பெட் கொடுக்கத்தான் செய்யும், நானே 1 கிலோ 200 கிராம் வரை பறித்திருக்கிறேன். ஆனால் பச்சைப் பூஞ்சணம் பிடித்துத் தூக்கி எறிந்தது, மூன்றாம் பறிப்பு வராமலே போனது, ஈ விழுந்தது எல்லாவற்றையும் சேர்த்து வருடத்துக்குச் சராசரி பார்த்தால் எனக்கு 700 கிராம்தான். அந்த 700 கிராமை வைத்துக் கணக்குப் போடுங்கள், ஒரு கிலோவை மறந்துவிடுங்கள்.

தினம் 5 பெட் போட்டால் ஒன்றரை மாதத்தில் பறிப்பு ஒரு நிலைக்கு வந்து, நாளொன்றுக்கு மூன்றரை கிலோ கிடைக்கும். கடைக்குக் கிலோ 150 ரூபாய் என்று போட்டால் ஒரு பெட்டுக்கு 105 ரூபாய். அதில் செலவு 40, பேக்கிங் கவரும் ஸ்டிக்கரும் 7 போனால் 58. ஐந்து பெட்டுக்கு 290. வண்டிக்குப் பெட்ரோல் 60 கழித்தால் 230. கொட்டகை போட 45,000 ஆகிறது, மூன்று வருடம் தாங்கும் என்றால் அதற்கே நாளைக்கு 40 ரூபாய் ஒதுக்க வேண்டும். மிச்சம் 190. நீங்கள் இருவரும் ஆளுக்கு மூன்று மணி நேரம் வேலை பார்த்ததற்கான காசு அது. நூறு நாள் வேலைக்கே 2025-26இல் நம் மாநிலத்தில் நாள் கூலி 336 ரூபாய் என்று வைத்திருந்தார்கள், அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

பயந்துவிட வேண்டாம். அதே மூன்றரை கிலோவை நீங்களே நேராக 200 கிராம் பாக்கெட் 50 ரூபாய் என்று விற்றால் கிலோ 250 ஆகிறது. ஒரு பெட்டுக்கு 175, செலவெல்லாம் போக 128, ஐந்துக்கு 640. பெட்ரோலும் கொட்டகையும் கழித்து 540 நிற்கும். காளான் அதேதான், வேலையும் கிட்டத்தட்ட அதேதான், காசு ஏறக்குறைய மூன்று மடங்கு. அதனால் காளான் வளர்ப்பதில் லாபமா என்று கேட்பதைவிட, தினம் 17 பாக்கெட்டை உங்கள் ஊரைச் சுற்றிப் பத்து கிலோமீட்டருக்குள் உங்களால் விற்க முடியுமா என்று கேளுங்கள். முடியும் என்றால் இறங்குங்கள். விளைவித்துவிட்டு ஆள் தேடலாம் என்றால் வேண்டாம், சிப்பிக் காளான் ஒரு நாள் தாங்கும், பிரிட்ஜில் வைத்தால் இரண்டு மூன்று நாள், அவ்வளவுதான் அதன் ஆயுள்.

வளர்ப்பு பெரிய வித்தை இல்லை. வைக்கோலை இரண்டு விரல் நீளத்துக்கு நறுக்கி, நான்கைந்து மணி நேரம் ஊறவைத்து, ஒரு மணி நேரம் ஆவியில் வேகவைத்து, நிழலில் உலர்த்துவோம். எப்போது பெட் போடலாம் என்பதற்கு மீட்டர் எதுவும் வேண்டாம், ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழியுங்கள், தண்ணீர் சொட்டக் கூடாது, ஆனால் உள்ளங்கையில் ஈரம் ஒட்ட வேண்டும். சொட்டினால் இன்னும் அரை மணி நேரம் பரப்பி வையுங்கள். ஈரம் அதிகமான பெட்டில் மை போல் உருகி ஒழுகுகிற களைக் காளான்தான் முதலில் எழும். எனக்கு முதல் வருடம் போன 60 பெட்டும் இந்த அவசரத்தால் போனதுதான். அடுக்கடுக்காக விதை தூவிக் கட்டி, துளை போட்டு இருட்டறையில் தொங்கவிட்டால் 15 முதல் 20 நாளில் பெட் முழுக்கக் காளானின் வெள்ளை இழை ஓடிவிடும். அப்புறம் வெளிச்சமும் காற்றும் உள்ள அறைக்கு மாற்றித் தண்ணீர் தெளிக்க வேண்டும், மொட்டு விட்ட மூன்றாம் நாள் பறிப்பு.

டெல்டாவில் உங்களுக்கு ஒரு சிக்கல் உண்டு. குறுவை வைக்கோல் மழையில் நனைந்து கறுத்துப் போயிருக்கும், அதை மாட்டுக்குப் போடுங்கள், காளானுக்குத் தொடாதீர்கள். தை, மாசியில் தாளடி அறுக்கும்போது வரும் பொன்னிற வைக்கோலை ஒரு வருடத்துக்கு வேண்டியதைச் சேர்த்து, தார்ப்பாய் போட்டு, அடியில் கட்டை கொடுத்து அடுக்கிவிடுங்கள். விலையும் அப்போதுதான் குறைவு.


செம்மண் காட்டான்:

அந்தக் கம்பெனி பற்றி நான் சொல்கிறேன், பெயர் வேண்டாம். நான்கு வருடத்துக்கு முன் இதே பேச்சைக் கேட்டுத்தான் நானும் கட்டினேன், 75,000. பத்து ரூபாய்ப் பத்திரத்தில் ஒப்பந்தம். விதை பாக்கெட் வெளியில் 40 என்றால் இவர்களிடம் 90, அதுவும் இவர்களிடம்தான் வாங்க வேண்டும். முதல் இரண்டு தடவை வண்டி வந்தது, எடை போட்டார்கள், காசு கொடுத்தார்கள். அதைப் பார்த்து என் மச்சானும் பணம் கட்டினார். மூன்றாம் தடவை ஓரம் சுருண்டிருக்கிறது, தரம் இல்லை என்று பாதியைத் தள்ளினார்கள். சித்திரை மாதம் வண்டியே வரவில்லை, போன் எடுக்கவில்லை.

அன்றைக்குக் கொட்டகையில் நாற்பது கிலோ. காலையில் வெள்ளை வெளேரென்று மடல் மடலாக இருந்தது, மத்தியானம் கூடையின் அடியில் மஞ்சள் தண்ணீர் கட்டிவிட்டது, சாயங்காலம் ஒரு புளிச்ச நாற்றம், கை வைத்தால் கொழகொழவென்று வந்தது. என் மனைவி அழுதுகொண்டே தெருவில் எல்லாருக்கும் கொடுத்தாள். மிச்சத்தை வெயிலில் காயப்போட்டோம், பத்து கிலோ காய்ந்தால் ஒரு கிலோதான் தேறுகிறது, அந்த ஒரு கிலோவையும் வாங்க ஆள் இல்லை.

தம்பி, அவர்களுடைய வியாபாரம் காளான் இல்லை, விதையும் நீங்கள் கட்டுகிற பணமும்தான். கிலோ 200க்குக் கொட்டகை வாசலிலேயே எடுக்கிறேன் என்று ஒருவர் சொன்னால், அவர் அதை எங்கே, எவ்வளவுக்கு விற்கிறார் என்று கேளுங்கள். விற்கிற கடையைக் காட்டச் சொல்லுங்கள். எனக்கு அப்போது இதைச் சொல்ல ஒருவர் இருந்திருந்தால் அந்தப் பணம் என் பெண் படிப்புக்கு இருந்திருக்கும்.


நத்தம் அக்கா:

செம்மண் காட்டான் அண்ணன் எழுதியதைப் படித்து மனது கஷ்டமாகிவிட்டது. எங்கள் குழுவில் ஏழு பெண்கள் போட்டோம், இன்றைக்கு நான்கு பேர் விடாமல் செய்கிறோம். மூன்று பேர் விட்டதற்கு நஷ்டம் காரணம் இல்லை, ஒரு நாள்கூட வீட்டை விட்டு வெளியூர் போக முடியவில்லை என்பதுதான். தம்பி, இதைப் பசு மாடு மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். கல்யாணம், சாவு எதுவென்றாலும் காலையில் பறிக்க ஆள் வேண்டும், தண்ணீர் தெளிக்க ஆள் வேண்டும். நடவு நேரத்தில் நீங்கள் இரண்டு பேரும் வயலில் இறங்கிவிட்டால் கொட்டகையை யார் பார்ப்பது என்று இப்போதே பேசி வையுங்கள்.

விற்பனைக்கு நாங்கள் செய்ததைச் சொல்கிறேன். முதல் பறிப்பை விற்கவே இல்லை. தெரு முழுக்கக் கொடுத்து, எப்படிச் சமைப்பது என்று சொல்லிக் கொடுத்தோம், ஏனென்றால் ஊரில் மழைக்கு முளைக்கிற புற்றுக் காளானைத்தான் தெரியும், இதைப் பார்த்தால் விஷம் என்று பயப்படுவார்கள். மிளகு போட்டுச் சுக்காவாகப் பிரட்டிக் கொடுத்த பிறகு அவர்களே தேடி வந்தார்கள். அப்புறம் பள்ளிக்கூட ஆசிரியர்கள், வங்கி, ஆஸ்பத்திரி ஊழியர்கள் என்று ஒரு வாட்ஸ்அப் குழு வைத்தோம். முந்தின நாள் இரவு எட்டு மணிக்குள் யாருக்கு எத்தனை பாக்கெட் என்று சொல்லிவிடுவார்கள், காலையில் அந்த எண்ணிக்கைக்குத்தான் பேக்கிங். மிஞ்சியது உழவர் சந்தைக்குப் போகும். ஒரு நாளைக்கு 20 பாக்கெட் இப்படியே ஓடிவிடுகிறது, கடைக்காரர் கையை எதிர்பார்க்கும் நிலை இல்லை.

மீந்தால் ஊறுகாய், பொடி செய்யலாம், ஆனால் விற்பதற்கு உணவுப் பாதுகாப்புக்கான எஃப்எஸ்எஸ்ஏஐ பதிவு எடுத்துக்கொள்ளுங்கள், சின்ன அளவுக்கு வருடக் கட்டணம் 100 ரூபாய்தான்.

இன்னொன்று, இதை யாரும் வீடியோவில் சொல்வதில்லை. கொட்டகைக்குள் போகும்போது முகக்கவசம் போடுங்கள். காளான் முற்றிவிட்டால் வெள்ளைப் பொடி மாதிரி வித்து உதிரும், அதை மூச்சில் இழுத்து எங்கள் குழுவில் ஒருவருக்கு மாதக்கணக்கில் இருமலும் சாயங்காலக் காய்ச்சலும். மடலின் ஓரம் உள்பக்கம் லேசாக மடங்கியிருக்கும்போதே பறித்துவிடுங்கள், எடையும் நிற்கும், நெஞ்சுக்கும் நல்லது.


குடந்தை காய்கறிக் கடை:

நான் விவசாயி இல்லை, கடைக்காரன், வாங்குகிற பக்கத்திலிருந்து சொல்கிறேன். என் கடைக்கு மூன்று பேர் சிப்பிக் காளான் கொண்டு வந்தார்கள், இப்போது ஒருவரிடம் மட்டும் எடுக்கிறேன். காரணம் விலை இல்லை. அவர் காலை ஆறே முக்காலுக்கு வந்துவிடுவார், தினம் 12 பாக்கெட், கூடவும் இல்லை குறையவும் இல்லை. மற்ற இருவரும் ஒரு நாள் 40 கொண்டு வருவார்கள், அடுத்த நான்கு நாள் ஆளே இருக்காது. காளான் வாங்க வருகிறவர் இரண்டு தடவை இல்லை என்று சொன்னால் மூன்றாம் தடவை கேட்க மாட்டார், ஊட்டியிலிருந்து வருகிற மொட்டுக் காளான் டப்பாவை எடுத்துக்கொண்டு போய்விடுவார்.

விற்காததைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லுங்கள், கடைக்காரர்கள் தைரியமாக வாங்குவார்கள். முதல் மாதம் பத்துக்கு மூன்று திரும்ப வரும், அதையும் கணக்கில் வையுங்கள். புரட்டாசியிலும் மாலை போடுகிற கார்த்திகை, மார்கழியிலும் காளான் நன்றாகப் போகும், செவ்வாய், வெள்ளியும் அப்படித்தான். ஞாயிற்றுக்கிழமை கறிக்கடைக்குப் போய்விடுவார்கள், எனக்குப் பாதிகூட ஓடாது. அதனால் சனிக்கிழமை இரவே வந்து நாளைக்கு எத்தனை என்று கேட்டுவிட்டுப் போகிற ஆளை நான் விடுவேனா?


மன்னை வயல்காரன்:

இவ்வளவு பேர் உட்கார்ந்து எழுதியதற்கு மிக்க நன்றி. செம்மண் காட்டான் அண்ணா, நீங்கள் எழுதியதை மனைவிக்குப் படித்துக் காட்டினேன், நகைப் பேச்சு அதோடு முடிந்தது. கம்பெனி ஆளுக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

நேற்று நானும் அவளும் உட்கார்ந்து ஊரில் யார் யார் வாங்குவார்கள் என்று பெயர் எழுதிப் பார்த்தோம். மன்னார்குடியில் அவள் அக்கா வீட்டுத் தெரு, இரண்டு பள்ளிக்கூடம், ஒரு மருந்துக்கடைக்காரர் என்று கஷ்டப்பட்டு 11 பாக்கெட் வரைதான் வந்தது, 17 வரவில்லை. அதனால் தினம் 3 பெட் மட்டும் போடலாம் என்று நினைக்கிறேன். கொட்டகைக்கு 45,000 போடாமல், பழைய மாட்டுக் கொட்டகையின் ஒரு பக்கத்தைச் சாக்குக் கட்டி மறைத்து ஆரம்பிக்கலாமா? வெயில் காலம் பற்றி கோபி அண்ணன் சொல்லவில்லையே. பயிற்சிக்குக் கோயம்புத்தூர் வரை போக வேண்டுமா?


கோபி காளான் தோட்டம்:

3 பெட் சரியான முடிவு தம்பி. மாட்டுக் கொட்டகை மட்டும் வேண்டாம், சாணத்துக்கு வருகிற சின்ன ஈ நேராகப் பெட்டுக்குத்தான் வரும், துளை வழியாக முட்டையிட்டுவிட்டால் புழு உள்ளே இழையைத் தின்றுவிடும், நீங்கள் வெளியிலிருந்து பார்த்தால் ஏன் மொட்டு வரவில்லை என்றே தெரியாது. தென்னை நிழலிலேயே பத்துக்குப் பன்னிரண்டு அடியில் கீற்றுக் கொட்டகை இரண்டு போடுங்கள், ஒன்று இருட்டு, ஒன்று வெளிச்சம். தரையில் மூன்று விரற்கடை மணல் பரப்பி நனைத்துவையுங்கள், சுற்றிலும் சாக்குத் தொங்கவிட்டு ஈரம் பண்ணுங்கள், வாசலுக்கும் சன்னலுக்கும் கொசுவலை. கீற்றும் மூங்கிலும் உங்கள் ஊரில் சல்லிசு, நீங்களே கட்டினால் பாதிச் செலவில் முடியும். காற்றோட்டம் விட மறந்தால் காம்பு மட்டும் நீண்டு தலை சின்னதாக வரும், அப்படி வந்தால் சன்னலைத் திறக்கச் சொல்கிறது என்று புரிந்துகொள்ளுங்கள்.

வெயில் காலத்துக்குப் பால் காளான்தான். சிப்பிக்கு 23 முதல் 28 டிகிரி வேண்டும், பாலுக்கு 30 முதல் 35 ஒத்துக்கொள்ளும். கோவை வேளாண் பல்கலைக்கழகம் 1998இல் வெளியிட்ட ஏபிகே 2 ரகம்தான் நான் போடுகிறேன். பெட் வெள்ளை ஓடி முடிந்ததும் இரண்டாக அறுத்து, மேலே வேகவைத்து ஆறிய மண்ணைப் பரப்ப வேண்டும், அது ஒரு வேலை கூடுதல். ஆனால் மூன்று நாளைக்குமேல் கெடாமல் நிற்கும், அதனாலேயே விற்பதில் பதற்றம் இல்லை. பங்குனியிலேயே பாலுக்கு மாறிவிடுங்கள், ஆடி மழை விழுந்து குளிர்ந்த பிறகு சிப்பிக்குத் திரும்புங்கள்.

கோவையில் பல்கலைக்கழகத்திலேயே பயிற்சி தருகிறார்கள், ஆனால் உங்களுக்குப் பக்கத்திலேயே நீடாமங்கலத்தில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறதே, முதலில் அங்கே போய்க் கேளுங்கள். விதை நல்ல இடத்தில் வாங்குவதுதான் முக்கியம், காளான் விதை சோளத்தில் வளர்த்ததாக வரும், அந்தச் சோளம் முழுக்க வெள்ளை பூத்து உதிரி உதிரியாக இருக்க வேண்டும், மஞ்சள் தட்டியிருந்தால் வாங்காதீர்கள். விதை நாமே தயாரிக்கலாம் என்று இரண்டு வருடத்துக்கு நினைக்கவே வேண்டாம். மானியம் கேட்டுப் பாருங்கள், ஆனால் மானியத்தை நம்பிப் பெரிதாகக் கட்டாதீர்கள், பெரும்பாலும் வங்கிக் கடனோடு சேர்ந்துதான் வரும்.


மன்னை வயல்காரன்:

சரி அண்ணா, தை அறுப்பு முடிந்ததும் வைக்கோலை அடுக்கிவிட்டுக் கீற்று முடையச் சொல்கிறேன். அதற்குள் நீடாமங்கலம் போய் வந்துவிடுவேன். கடைசியாக ஒரு கேள்வி. மனைவி கேட்கச் சொன்னாள். கடையில் பார்த்த பாக்கெட்டுகளில் உள்ளே நீர் கோத்துக் காளான் நனைந்து கிடக்கிறது, அது எதனால்?


நத்தம் அக்கா:

பறிப்பதற்குக் கொஞ்சம் முன்னால் தண்ணீர் தெளித்திருப்பார்கள், அதுதான். முந்தின நாள் சாயங்காலத்தோடு தெளிப்பை நிறுத்திவிட்டு, விடிகாலையில் கொத்தோடு பிடித்து லேசாகத் திருகிப் பறியுங்கள். அடிக்காம்பை வெட்டி, மூங்கில் தட்டில் அரை மணி நேரம் ஆறவிட்டு அப்புறம் பேக்கிங். கவரில் குண்டூசியால் ஏழெட்டுத் துளை போடச் சொல்லுங்கள். கழுவ வேண்டாம் என்று வாங்குகிறவர்களிடமும் சொல்லிவிடுங்கள், சமைக்கும் முன் கழுவினால் போதும்.